கணக்கில் ஏறாத கொல்லை



வயலைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. நெல் பேசினோம், உரம் பேசினோம், பம்புசெட் பேசினோம். இன்றைக்கு வயலுக்குப் போகாமல் வீட்டுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு கொஞ்சம் பேசலாம். அடுப்பங்கரைக் கதவைத் திறந்தால் கால் படுகிற இடம் இருக்கிறதே, அந்த இடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் அதைக் கொல்லை என்போம். சில ஊரில் புழக்கடை. கொங்கு நாட்டில் பொடக்காலி. பேர் எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு கிணறு, ஒரு துவைக்கிற கல், நாலு வாழை, ஒரு கறிவேப்பிலை, எட்ட ஒரு முருங்கை, பந்தலில் ஓர் அவரைக்கொடி.

"இதுக்கெல்லாம் ஒரு சரித்திரமாய்யா?" என்று கேட்பீர்கள். உண்டு. வயலுக்கு இருக்கிற சரித்திரத்துக்குக் கொஞ்சமும் குறையாத சரித்திரம் கொல்லைக்கு உண்டு. ஆனால் அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஏன் எழுதவில்லை என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இறை நீங்கின நிலம்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். அந்தக் கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் எத்தனை வேலி என்று முதலில் எழுதியிருக்கும். ஒரு வேலியை எத்தனையோ நுணுக்கமான பின்னமாக உடைத்து அளந்திருக்கிறார்கள். இன்றைய சர்வேயரே பார்த்து அதிசயப்படுகிற கணக்கு அது. அடுத்தபடியாக, அந்த மொத்தத்திலிருந்து வரி இல்லாத நிலத்தைக் கழிப்பார்கள். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகிற வாய்க்கால்கள், உழைப்பாளிகளும் கம்மாளர்களும் குடியிருந்த சேரிகள், சுடுகாடு, இவையெல்லாம் இறையிலி. மிச்சம் எதுவோ அதுதான் நெல் அளக்கும்.

நத்தம் என்றால் என்ன? குடியிருக்கும் இடம். நம்ம வீடும், வீட்டைச் சுற்றின மனையும், அந்த மனையின் கொல்லையும் அதற்குள் அடக்கம். வெள்ளைக்காரன் ரயத்துவாரி முறை கொண்டுவந்து சர்வே எடுத்தபோதும் கிராம நத்தத்துக்கு நிலத்தீர்வை போடவில்லை. மனைக்கென்று வேறு இறை வாங்கிய காலங்கள் உண்டு. விற்பனைக்கு விளைந்த தோட்டப் பயிருக்கும் வரி கண்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டுக்கொல்லையில் எத்தனை கீரைப்பாத்தி, எந்தக் கொடியில் எத்தனை காய் என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் நோட்டுப் போட்டதில்லை.

வரி இல்லாதது நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் கணக்கில் ஏறாத ஒன்று சரித்திரத்திலும் ஏறாமல் போய்விடும். நெல்லைப் பற்றி ஆயிரம் கல்வெட்டு இருக்கிறது. அந்தச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்ட கீரையைப் பற்றித் தேடித் தேடித்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது. கீரையை வளர்த்த கையின் பேர் எங்குமே இல்லை. அந்தக் கை பெரும்பாலும் பெண்களின் கை.

குப்பைமேட்டில் முளைத்தது

பொறுக்கிப் பார்ப்போம். நம் சங்க நூல்களில் ஆற்றுப்படை என்று ஒரு வகை உண்டு. வள்ளலிடம் பரிசு வாங்கி வருகிறவன், வறுமையில் வாடி எதிரே வருகிறவனுக்கு வழி சொல்லி அனுப்புவது அது. 1889-இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தபோது இவை மறுபடி நம் கைக்கு வந்தன. அவற்றில் சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் நல்லூர் நத்தத்தனார்.

அதில் ஓர் ஏழைப் பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. கூரை இற்றுப்போன வீடு. வீட்டுப் பெண் குப்பைமேட்டில் தானாக முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். நாலு பேர் பார்த்தால் ஏதாவது சொல்வார்கள் என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். எத்தனை நூற்றாண்டு போய்விட்டது! ஆனால் இந்தக் காட்சியை நம் கிராமத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதிலே விவசாயத்துக்கும் ஒரு சேதி இருக்கிறது. கழுவி ஊற்றின நீர், சாம்பல், சாணம், தின்று போட்ட விதை எல்லாம் சேருகிற இடம் குப்பைமேடு. அங்கே விதை தானாக முளைக்கும், ஊட்டமும் அங்கேதான் அதிகம். மனிதன் பயிர் செய்யக் கற்றதே இப்படி வீட்டோரக் குப்பைமேட்டைப் பார்த்துத்தான் இருக்கலாம் என்று பயிர்களின் வரலாற்றை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். அப்படியானால் கொல்லை வயலுக்குத் தங்கை இல்லை, அக்காள்!

அதே பாட்டில் வழிநடையும் வருகிறது. கடலோர எயிற்பட்டினத்தில் தங்கினால் சுட்ட கருவாடு கிடைக்கும். வேட்டுவர் வாழும் வேலூரில் புளிபோட்டு ஆக்கிய சூடான சோறும் இறைச்சியும் தருவார்கள். மருதநிலத்து ஆமூரில் வெள்ளரிசிச் சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும். ஊர் மாற மாறச் சாப்பாடு மாறுகிறது பாருங்கள். எந்த மண்ணில் எது விளைகிறதோ, அதுதான் அந்த ஊர் இலையில் விழும். அந்தக் காலத்துக் கிராமப் பயணம் என்பது பாதி கண்ணால் பார்த்தது, பாதி நாக்கால் அறிந்தது.

மிளகு போய் மிளகாய் வந்தது

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோயில் மடைப்பள்ளிக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, கறிக்கு என்னென்ன என்று அளவு சொல்கிறது. புளி போட்ட கறி, புழுக்கின கறி, பொரித்த கறி எல்லாம் உண்டு. கறிக்குச் சேர்க்கும் மசாலையைக் காயம் என்று சொல்லி மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி என்று கணக்குக் கொடுத்திருக்கிறது. தேடிப் பாருங்கள், அதில் மிளகாய் இல்லை. இருக்கவும் முடியாது.

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினான். அவனுக்குப் பின்னால் வந்த போர்த்துகீசியக் கப்பல்களோடுதான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் நம் கரைக்கு வந்தது. மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பேர் வைத்தார்கள் நம்மவர்கள். அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவற்றை எண்ணிப் பாருங்கள்: சர்க்கரைவள்ளி, மரவள்ளி, நிலக்கடலை, பப்பாளி, கொய்யா, சீத்தா, முந்திரி. பரங்கிக்காய் என்ற பேரிலேயே பரங்கியர் இருக்கிறார்கள். தக்காளி என்ற பேர் முதலில் நம் மணத்தக்காளிச் செடிக்கு உரியது. கடல் கடந்து வந்த சிவப்புப் பழத்தைச் சீமைத்தக்காளி என்றுதான் சொன்னார்கள். வரவரச் 'சீமை' உதிர்ந்துபோய், வந்ததே தக்காளி ஆகிவிட்டது. பழைய தக்காளி இப்போது 'மணத்' தக்காளியாக ஒதுங்கிக்கொண்டது.

இத்தனை புதுப்பயிரையும் ஊர் ஊராகப் பரப்பியது யார்? அப்போது விவசாய இலாகா இல்லை. டெமான்ஸ்ட்ரேட்டர் இல்லை. வானொலியும் இல்லை. ஒரு பழத்தின் விதையை முந்தானையில் முடிந்துகொண்டு போன பெண்கள்தான் பெரும் பங்கு பரப்பியிருக்க வேண்டும். மிளகையும் மிளகாயையும் ஒப்பிட்டால் இது விளங்கும். மிளகுக்கொடிக்கு மலைச்சாரலும் மழையும் நிழலும் வேண்டும். சமவெளிக் குடியானவன் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மிளகாய்க்கு என்ன வேண்டும்? நாலு அடி மண்ணும், கை கழுவின தண்ணீரும் போதும். காசு கொடுத்து வாங்கின காரத்தைக் கொல்லையிலேயே பறிக்க முடிந்ததால்தான் மிளகாய் ஜெயித்தது. நம் சமையலையே மாற்றின அந்தப் பெரிய மாறுதல் வயலில் தொடங்கவில்லை, வீட்டுக்குப் பின்னால் தொடங்கியது.

பழைய சமையல் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் நூலகத்துக்குப் போக வேண்டாம். திவசச் சமையலைப் பழைய முறைப்படி செய்கிற வீடுகளில் பாருங்கள். மிளகாய்க்குப் பதில் மிளகு. தக்காளி இல்லை, உருளை இல்லை, முட்டைக்கோஸ் இல்லை. வாழைக்காய், சேப்பங்கிழங்கு, பாகற்காய், புடலை, அவரை, இவைதான். செத்துப்போன தாத்தாவுக்குப் படைக்கும்போது, தாத்தாவுக்கும் தாத்தாவான ஒருவரின் கொல்லையை நாம் அறியாமலே காப்பாற்றி வருகிறோம்.

'இங்கிலீஷ் காய்' என்று நாம் சொல்கிற கோஸும் காரட்டும் உருளையும் வந்த வழி வேறு. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மேலே போய், பிறகு உதகையில் வீடு கட்டி, சீமைக் காய்கறிகளைப் பயிர் வைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் மலை ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு மலைக்காய் சமவெளிச் சந்தைக்கு இறங்குவது சுலபமாயிற்று. காய் விற்பனைக்கு வந்தது, சரி. ஆனால் அதன் விதை நம் கொல்லைக்கு வரவில்லை. சமவெளிச் சூட்டில் அவை விதை கட்டுவது அரிது. வாங்கித் தின்னும் காய் என்கிற பழக்கம் கிராமத்துக்குள் நுழைந்ததில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

பட்டமும் பானையும்

நம் முன்னோர் காலண்டர் பார்த்துச் சமைக்கவில்லை. கொல்லையைப் பார்த்துச் சமைத்தார்கள். கொல்லையோ பட்டத்தைப் பார்த்து நடந்தது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது உங்களுக்கு நான் சொல்லி ஆக வேண்டியதில்லை. ஆனால் ஏன் தேட வேண்டும்? நாட்டுக் கொடி அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடியில் ஊன்றினால் மழைக்காலம் முழுவதும் இலையும் கொடியுமாகவே ஓடும். பகல் பொழுது குறைந்து இரவு நீண்ட பிறகுதான் பூக்கும். அதனால் கார்த்திகை, மார்கழியில் பூத்துத் தையில் காய்த்துக் கொட்டும். சித்திரையில் ஊன்றினாலும் அது அவசரப்படாது, தன் நேரத்துக்காகக் காத்திருக்கும். பொங்கலன்று அவரையும் மொச்சையும் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் சேர்த்துக் குழம்பு வைக்கிறோமே, அது யாரோ உட்கார்ந்து எழுதிய சமையல் குறிப்பு இல்லை. அன்றைக்குக் கொல்லையிலும் காட்டிலும் என்ன இருந்ததோ அதுதான் குழம்பு.

மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் பரங்கிப் பூவைச் செருகுகிறோம். "பூவைப் பறித்தால் காய் போய்விடாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பரங்கிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவே அதிகம் பூக்கும். கொடிக்குச் சில ஆண் பூவைத் தேனீக்கு விட்டுவிட்டு மற்றதைப் பறித்தால் ஒரு காயும் குறையாது. வாசல் கோலம் போடுகிற பெண்ணுக்கு இது தெரியும். அவள் பிஞ்சு இருக்கிற பூவைத் தொடமாட்டாள்.

மாசி, பங்குனி, சித்திரையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். அது வற்றல் காலம். கொத்தவரை, சுண்டைக்காய், மணத்தக்காளி, மாங்காய், மோர்மிளகாய் எல்லாம் மாடியிலும் முற்றத்திலும் காயும். இப்படிக் காய்வது எந்த மாதத்துக்காக? ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்காக. அப்போது கொல்லையில் தண்ணீர் நிற்கும், கீரை அழுகும், சந்தைக்குப் போகப் பாதை இருக்காது. சட்டியில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு வற்றலைப் பொரித்துக் குழம்பு வைத்தால், கோடை வெயிலில் ஒரு கைப்பிடி மழைக்காலத்து இலையில் வந்து விழுகிறது. வற்றல் பானை என்பது ஜாடிக்குள் அடைத்து வைத்த கொல்லை. வேறென்ன?

கட்டுச்சோறும் சுமைதாங்கியும்

வண்டி கட்டிக்கொண்டு பயணம் போனாலும் கொல்லை கூடவே வந்தது. மாட்டுவண்டி மணிக்கு 2 மைல், மிஞ்சினால் 3 மைல் போகும். திருவிழாவுக்கோ பெண் வீட்டுக்கோ போக ஒரு பகல், ஓர் இரவு ஆகிவிடும். அதற்கேற்ற சமையல்தான் கட்டுச்சோறு. புளியோதரை ஏன் கெடுவதில்லை? புளியின் புளிப்பில் கெடுதல் கிருமி சுலபமாகப் பெருகாது. நல்லெண்ணெய் சோற்றைக் காயவிடாது. தயிர்சோற்றுக்குப் பாலை நிறைய விட்டு, ஒரு கரண்டி மோரை உறைக்கு ஊற்றிக் கட்டுவார்கள். மூட்டையை அவிழ்க்கும்போது தயிர் சரியாக உறைந்திருக்கும். வழியிலேயே முடிகிற சமையல் அது! அதை மூடிக் கட்ட வாழை இலை, தொட்டுக்கொள்ள மாவடு. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் உட்கார்ந்து சித்திரான்னம் சாப்பிடுகிற வழக்கமும் இதே குடும்பம்தான். அந்த நாளையொட்டித்தான் கொல்லையில் விதை ஊன்றும் பட்டமும் வருகிறது.

பாதைக்கும் சரித்திரம் உண்டு. 1689-இல் மதுரை ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ராணி மங்கம்மாள், சாலை போட்டு, ஓரத்தில் மரம் நட்டு, சத்திரம் கட்டியவள். தெற்கே இன்றும் 'மங்கம்மாள் சாலை' என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. தஞ்சை மராட்டியர் காலத்தில் ராமேசுவரம் போகிற வழியெங்கும் சத்திரங்கள் எழுந்தன. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பேர் பெற்றது. இந்தத் தர்மங்களில் கைவைக்க வேண்டாம் என்று இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேயருக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. எல்லா சாதிப் பயணிகளுக்கும் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் மளிகையும், குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு மருந்து, கர்ப்பிணிக்குப் பராமரிப்பு என்று சத்திரத்து நடைமுறையை அதில் விவரித்திருக்கிறார்.

வண்டியும் இல்லாமல் தலைச்சுமையோடு நடந்தவர்கள்தான் அதிகம். கத்தரிக்காய்க் கூடை, கீரைக் கட்டு, மோர்ப் பானை தூக்கிச் சந்தைக்கு நடந்த பெண்களை நினைத்துப் பாருங்கள். சுமையை இறக்கினால் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டுமே! அதற்காகத்தான் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, தலை உயரத்துக்குச் சுமைதாங்கி வைத்தார்கள். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கம். தாரோடு வந்து சாலையை அகலப்படுத்தினபோது பல சுமைதாங்கிகள் போய்விட்டன. உங்கள் ஊர் எல்லையில் ஒன்று மிச்சமிருந்தால் அதைப் பெயர்த்துவிடாதீர்கள். கொல்லைக் காய்கறிக்கு இந்த நாடு எழுப்பின நினைவுச் சின்னம் அது ஒன்றுதான்.

பஞ்சம் வந்தபோது

கொல்லை இருந்தால் பஞ்சமே வராது என்று நான் பெருமைக்காகச் சொல்லமாட்டேன். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. மழை பொய்த்துக் கிணறு வற்றினபோது வயலோடு கொல்லையும் காய்ந்துதான் போயிற்று. அப்போது ஜனங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டது காட்டுக் கீரையையும் கிழங்கையும் தின்றுதான். எது தின்னலாம், எது விஷம், எதை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைக்க வேண்டும் என்கிற அறிவு புத்தகத்தில் இல்லை. கீரை கிள்ளின கைகளில்தான் இருந்தது. பஞ்சத்துக்கு எதிராகக் கொல்லை தந்தது காய் மட்டும் இல்லை, அந்த அறிவையும் தந்தது.

அந்தப் பஞ்சத்துக்குப் பிந்தியே திருவிதாங்கூரில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரவள்ளிப் பயிரை ஊக்கப்படுத்தினார். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்து, பர்மா அரிசி வருவது நின்றபோது, திருவிதாங்கூர் ஏழை வீடுகளைத் தாங்கினது அந்தக் கிழங்குதான். அதே யுத்த காலத்தில் மலேயாப் பக்கத்திலிருந்து வந்த ஜவ்வரிசியும் நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்குக் கோடையில் பாயில் ஊற்றிக் காயவைக்கிற ஜவ்வரிசி வற்றல் பழங்காலப் பண்டம் என்று நினைப்போம். அதற்குள்ளே அமெரிக்கக் கிழங்கும், ஓர் உலக யுத்தமும், சேலத்து உழைப்பும் இருக்கின்றன.

மனை யாருக்கு, மரம் யாருக்கு?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொல்லை என்று நான் இவ்வளவு நேரம் பேசினது மனை உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும். பிறர் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு பண்ணைக்கு உழைத்தவர்களுக்குக் கொல்லை ஏது? இன்றைக்கு இரு என்பார்கள், நாளைக்கு எழுந்து போ என்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கீரை விதைக்கலாம், 20 நாளில் பறித்துவிடலாம். தென்னை வைக்க எந்த மனசு வரும்? மரம் வைக்க வேண்டுமென்றால் நாளைக்கும் இங்கே இருப்போம் என்கிற தைரியம் வேண்டும்.

1971-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், விவசாயத் தொழிலாளிகளும் கைவினைஞர்களும் குடியிருந்த மனையை அவர்களுக்கே சொந்தமாக்க வழி செய்தது. நிலச் சட்டம் என்றால் வயலைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த இரண்டு மூன்று சென்ட் மனைப் பட்டா ஒரு முருங்கைக்கும் ஒரு தென்னைக்கும் இடம் கொடுத்தது. கீரைக்கு மேலே உயர்ந்து மரம் வைக்கிற உரிமையை, காலம் கடந்துதான் என்றாலும், அது கொண்டுவந்தது.

முந்தானை முடிச்சு

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 நெல் வந்தது. தஞ்சை ஜில்லாவில் வானொலி கேட்டே அதைப் பயிரிட்டார்கள். அதனால் 'ரேடியோ நெல்' என்றே அதற்குப் பேர் வந்தது. நெல் விதை அரசாங்கத்தின் பண்ணையிலிருந்து வந்தது, வானொலி சேதி சொன்னது. அதனால் நாட்டுக்கு நன்மைதான். கொல்லை விதைக்கு அப்படி ஒரு பண்ணை கிடையாது. மாமியார் மருமகளுக்குக் கொடுத்தாள், அவள் தங்கைக்குக் கொடுத்தனுப்பினாள். ஒரே ஒரு தலைமுறை "யாரு இதெல்லாம் கட்டி அழுறது?" என்று விட்டால், அந்த வீட்டு விதை முடிந்தது. வேறெங்கும் அது இருக்காது.

நத்தம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் வீடு பெருகிவிட்டது. கொல்லையில் சிமெண்ட் போட்டாயிற்று. சுரையும் பூசணியும் ஏறிப் படர்ந்த கூரை போய்த் தளம் வந்தாயிற்று. மிச்சமிருக்கிற இடத்தில் பாக்கெட் விதை வாங்கிப் போடுகிறோம். அதைத் தப்பென்று சொல்லவில்லை. வீரிய ஒட்டு விதை நிறையக் காய்க்கும். ஆனால் அது இரண்டு வேறு வரிசையைச் சேர்த்து எடுத்தது. அதன் காயிலிருந்து எடுத்த விதையைப் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று பிரிந்து வரும். ஒட்டு சேர்க்காத ரகங்களில் அந்தத் தொல்லை குறைவு. பெரியகுளத்திலிருந்து 1989-இல் வெளிவந்த பி.கே.எம். 1 செடிமுருங்கையை விதை போட்டே வளர்க்கிறோம். ஆகவே புதுசு வேண்டாம் என்று சொல்லவில்லை. பழையதைக் கைவிடாமல் புதுசை வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். மிளகாயையே வரவேற்றுக் குடிவைத்தவர்கள் நாம்!

விதை எடுப்பது கஷ்டமில்லை. நாலு விஷயம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, விதைக்கென்று விடும் கொடியை முதலிலேயே தேர்ந்தெடுங்கள். தின்று மிஞ்சின கடைசிக் காயை விதைக்கு விடக்கூடாது. நோய் இல்லாத செடியில், நடுப்பருவத்தில் வந்த நல்ல காய்க்கு ஒரு துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

இரண்டு, முற்றவிடுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்கட்டும். விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவையுங்கள். பீர்க்கு கொடியிலேயே சருகாகட்டும். சுரையை முழுசாகவே கட்டித் தொங்கவிட்டால் குலுக்கினபோது விதை சலசலக்கும். பரங்கி, பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பது பழைய முறை. அவரைக்கும் மொச்சைக்கும் வண்டு வரும். செம்மண் கரைசலில் புரட்டிக் காயவைத்தால் வண்டு அண்டாது.

மூன்று, கலப்பு. கத்தரி பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருத்தரிக்கும். பரங்கி அப்படியில்லை. பக்கத்து வீட்டுப் பரங்கியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும். விதை சுத்தமாக வேண்டுமானால், மறுநாள் மலரப் போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் சாயங்காலமே நூலால் கட்டுங்கள். விடியற்காலை அவிழ்த்து, ஆண் பூவைப் பெண் பூவின் நடுவில் தொட்டுத் தடவி, மறுபடி கட்டிவிடுங்கள். பூசணியும் பரங்கியும் ஒன்றோடு ஒன்று கலக்காது, அந்தப் பயம் வேண்டாம்.

நான்கு, பங்கு கொடுங்கள். நீங்கள் மட்டும் வைத்திருந்தால் ஒரு வெள்ளத்தில், ஓர் எலியில், ஒரு மறதியில் போய்விடும். நாலு வீட்டில் இருந்தால் ஒரு வீட்டிலாவது பிழைக்கும். முந்தானை முடிச்சின் ரகசியம் அவ்வளவுதான்.

தாய்மார்களே, வீட்டில் 70, 80 வயசான பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். எந்தக் கீரைக்கு என்ன பேர், எந்த மாசம் எது ஊன்றுவது, எந்த வற்றல் எந்த வெயிலில் காயும், இந்த அவரை யார் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள். ராஜராஜன் காலத்துக் கணக்கில் ஏறாதது, சர்வே நோட்டில் ஏறாதது, உங்கள் வீட்டு நாற்பது பக்க நோட்டிலாவது ஏறட்டும். வருகிற ஆடியில் கொல்லையில் நாலு கொடி போட்டால், மூன்றைக் கறிக்குப் பறியுங்கள். நாலாவதை விதைக்கு விடுங்கள்.